'இங்க எத்தனை பேருக்கு நல்லா வந்திருக்கு டாக்டர்?' - இந்தக் கேள்விக்கு விடை தேடும் பிரிட்டன் முக, தாடை சர்ஜன்கள்

வாய்ப் புற்றுநோய் என்று உறுதியான ஒருவர், டாக்டர் முன்பு உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கீழ்த்தாடை எலும்பில் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டும். அந்த இடைவெளியை நிரப்ப, முழங்காலுக்குக் கீழே உள்ள ஃபிபுலா எலும்பில் ஒரு துண்டை எடுத்து தாடை வடிவத்துக்குச் செதுக்கிப் பொருத்துவார்கள். அந்த எலும்பு உயிரோடு இருக்க, சில மில்லிமீட்டர் அகலமே உள்ள ரத்தக்குழாய்களை மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்த்துத் தைக்க வேண்டும். கிட்டத்தட்ட ஒரு முழு நாளை விழுங்கும் ஆபரேஷன் இது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த நபர் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். "இந்த ஆஸ்பத்திரியில இதுவரைக்கும் எத்தனை பேருக்கு இது நல்லா வந்திருக்கு டாக்டர்?"

நியாயமான கேள்விதான். 'பெரிய மையங்களில் 95 சதவீதத்துக்கு மேல் வெற்றி' என்று மருத்துவ இதழ்களில் இருக்கும் எண்ணை டாக்டர் சொல்லிவிடலாம். ஆனால், கேட்டது உலகக் கணக்கு இல்லை. இந்த ஆஸ்பத்திரியின் கணக்கு. அதற்கு நேர்மையாக பதில் சொல்ல வேண்டுமென்றால், யாராவது ஒருவர் ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன ஆனது என்று எழுதி வைத்திருக்க வேண்டும். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிகளும் அதே முறையில் எழுதி வைத்திருந்தால்தான் ஒப்பிடவும் முடியும்.

பிரிட்டனில் முக, தாடை அறுவை சிகிச்சை நிபுணர்கள் இப்போது செய்துவருவது இந்த வேலையைத்தான். திட்டத்தின் பெயர் கியூ.ஓ.எம்.எஸ். தங்கள் துறையின் சிகிச்சைத் தரத்தையும் முடிவுகளையும் நாடு முழுக்க அளப்பதற்காக, பிரிட்டிஷ் முக, தாடை அறுவை சிகிச்சை நிபுணர்கள் சங்கம் முன்னெடுத்த திட்டம் இது. தங்கள் வேலையைத் தாங்களே அளந்து பார்க்க சர்ஜன்கள் முன்வருவது ஏன்? அதில் என்ன சிக்கல்? நோயாளிக்கு என்ன லாபம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முக, தாடை சர்ஜன் என்பவர் யார்?

பல் டாக்டருக்கும் ஜெனரல் சர்ஜனுக்கும் நடுவில் உள்ள துறை இது. ஆழத்தில் புதைந்த ஞானப்பல்லை எடுப்பது முதல் விபத்தில் நொறுங்கிய கன்ன எலும்பைச் சேர்ப்பது வரை, முன்னும் பின்னுமாக வளர்ந்த தாடையைச் சரிசெய்வது முதல் வாய்ப் புற்றுநோய் ஆபரேஷன் வரை எல்லாம் இவர்கள் கையில்தான். இந்தியாவில் பி.டி.எஸ். முடித்து, 3 ஆண்டு எம்.டி.எஸ். படித்தால் இந்தத் துறைக்கு வந்துவிடலாம். பிரிட்டனில் பல் மருத்துவம், பொது மருத்துவம் என இரண்டு பட்டமும் வேண்டும். அதற்குப் பிறகுதான் சர்ஜரி பயிற்சி.

துறையின் வேர் போர்க்களத்தில் இருக்கிறது. முதல் உலகப் போரில் பதுங்குகுழிக்கு மேலே தலையைத் தூக்கிய வீரர்களின் முகத்தில்தான் குண்டும் சிதறல்களும் பாய்ந்தன. அவர்களுக்காக 1917ல் இங்கிலாந்தின் சிட்கப் என்ற ஊரில் தனி மருத்துவமனையே திறக்கப்பட்டது. நியூசிலாந்தில் பிறந்த சர்ஜன் ஹெரால்டு கில்லிஸ், அங்கே பல் மருத்துவர்களோடு சேர்ந்து உடைந்த முகங்களைத் திரும்பக் கட்டினார். தாடையைத் தாங்கிப் பிடிக்கத் தெரிந்த பல் டாக்டரும், தோலை நகர்த்தி ஒட்டத் தெரிந்த சர்ஜனும் ஒரே மேஜைக்கு வந்தது அப்போதுதான்.

முகம் என்பதால் இங்கே 'வெற்றி' என்ற சொல்லுக்கே அர்த்தம் வேறு. நோயாளி பிழைத்துவிட்டார் என்பது மட்டும் போதாது. அவரால் சாப்பிட முடிகிறதா, பேசினால் புரிகிறதா, வெளியே நாலு பேரைப் பார்க்கத் தயங்காமல் போகிறாரா? எல்லாமே ரிசல்ட்தான்.

கணக்கு எடுக்கச் சொன்னவருக்கு என்ன நடந்தது?

ஆபரேஷன் முடிவுகளைக் கணக்கு எடுக்கும் யோசனை 100 ஆண்டுகளுக்கும் பழையது. அமெரிக்காவின் பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்ற சர்ஜன், ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை போட்டார். என்ன நோய், என்ன செய்தோம், ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறார், சரியாக வரவில்லை என்றால் ஏன் என்று அதில் எழுதினார். 1911ல் சொந்தமாக ஒரு சிறிய ஆஸ்பத்திரியைத் தொடங்கிய அவர், 5 ஆண்டுகளில் அங்கிருந்து வீடு திரும்பிய 337 நோயாளிகளின் சிகிச்சையில் 123 தவறுகள் நடந்ததாகத் தானே அச்சிட்டு வெளியிட்டார். மற்ற ஆஸ்பத்திரிகளும் இதையே செய்ய வேண்டும் என்றார். சக டாக்டர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஊருக்குள் அவர் கிட்டத்தட்ட தனி ஆளானார்.

பிரிட்டன் இந்தப் பாடத்தைப் படித்தது மிகப் பெரிய விலை கொடுத்து. பிரிஸ்டல் நகர மருத்துவமனையில் குழந்தைகளுக்கான இதய ஆபரேஷன்களில் ஏதோ சரியில்லை என்று அங்கே வேலை பார்த்த மயக்க மருந்து நிபுணர் ஒருவர் தொடர்ந்து சொல்லிவந்தார். பிறகு நடந்த பொது விசாரணையின் அறிக்கை 2001ல் வந்தது. 1991 முதல் 1995 வரை, அப்போதைய மற்ற மையங்களோடு ஒப்பிட்டால் அங்கே ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 30 முதல் 35 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள்.

அந்த எண்களில் பெரும்பகுதி ஆஸ்பத்திரிப் பதிவேடுகளில் இருந்தவைதான். அதை எடுத்து, கூட்டிப் பார்த்து, மற்ற ஊரோடு ஒப்பிட்டு, 'இங்கே என்னமோ தப்பா இருக்கு' என்று கேட்கும் பொறுப்பு யாருக்கும் தெளிவாகக் கொடுக்கப்படவில்லை. அதன் பிறகு பிரிட்டன் இதய சர்ஜன்கள் தங்கள் முடிவுகளைப் பொதுவெளியில் வைக்கத் தொடங்கினார்கள். 2003ல் செயற்கை மூட்டுகளுக்குத் தேசியப் பதிவேடு வந்தது. 2013ல் இங்கிலாந்தில் சில துறைகளில் தனித்தனி டாக்டர்களின் முடிவுகளும் வெளியாகத் தொடங்கின.

57 மருத்துவமனைகள், ஒரு பிளவு உதடு

முகச் சிகிச்சையில் இப்படி ஒரு கணக்கு என்ன செய்யும் என்பதற்கு நல்ல உதாரணம், பிளவு உதடு மற்றும் அண்ணப்பிளவு சிகிச்சை. பிறக்கும்போதே மேல் உதடும் வாயின் மேற்கூரையும் பிளந்திருக்கும் குழந்தைகளுக்கு, பிளாஸ்டிக் சர்ஜன்களும் முக, தாடை சர்ஜன்களும் ஆபரேஷன் செய்கிறார்கள்.

1990களில் பிரிட்டன் முழுக்க 57 மருத்துவமனைகளில் இந்த ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. கேட்க நல்ல விஷயம்தான். வீட்டுக்குப் பக்கத்திலேயே வசதி. ஆனால், அத்தனை இடங்களுக்குக் குழந்தைகள் பிரிந்து போனதால், பல சர்ஜன்களுக்கு ஆண்டுக்கு மிகக் குறைவான கேஸ்களே கிடைத்தன. கை பழக அது போதாது.

அரசு அமைத்த ஒரு நிபுணர் குழு, சிகிச்சை பெற்ற 5 வயது மற்றும் 12 வயதுக் குழந்தைகளை நாடு முழுக்கத் தேடிப் பிடித்து ஒரே அளவுகோலில் பரிசோதித்தது. 1998ல் வந்த அதன் அறிக்கை அதிர்ச்சி தந்தது. ஐரோப்பாவின் நல்ல மையங்களோடு ஒப்பிட்டால் பிரிட்டன் பின்தங்கியிருந்தது. மேல், கீழ்ப் பல்வரிசைகள் பொருந்தும் விதம் 5 வயதுக் குழந்தைகளில் 36 சதவீதம் பேருக்கு மோசமாக இருந்தது. நன்றாக இருந்தது 29 சதவீதம் பேருக்குத்தான்.

57 இடங்கள் வேண்டாம். 8 முதல் 15 மையங்கள் போதும் என்று குழு பரிந்துரைத்தது. சர்ஜன், பல் சீரமைப்பு நிபுணர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், நர்ஸ் எல்லோரும் ஒரே டீமாக இருக்க வேண்டும் என்றது. எதிர்ப்பு இல்லாமல் இல்லை. பழகிய டாக்டரை விட்டுத் தூரமாகப் போக வேண்டுமா என்று பெற்றோருக்குக் கவலை. தாங்கள் செய்துவந்த வேலை கையைவிட்டுப் போகிறதே என்று சர்ஜன்களுக்கு வருத்தம். ஆனாலும் மாற்றம் நடந்தது. சிகிச்சை பெறும் குழந்தைகளின் விவரங்களைச் சேகரிக்கத் தனிப் பதிவேடும் வந்தது.

சுமார் 15 ஆண்டுகள் கழித்து, புதிய தலைமுறை 5 வயதுக் குழந்தைகளை அதே முறையில் மறுபடி பரிசோதித்தார்கள். 2015ல் முடிவுகள் வெளியாயின. பல்வரிசை மோசமாக இருந்தவர்கள் 36 சதவீதத்தில் இருந்து 19 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். நன்றாக இருந்தவர்கள் 29ல் இருந்து 53 சதவீதமாக உயர்ந்திருந்தார்கள். புது மருந்தோ புது மெஷினோ இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஏற்பாட்டை மாற்றினார்கள், மாற்றியது பலித்ததா என்று திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

கார்டிஃப் சர்ஜனும் சனிக்கிழமை இரவும்

இன்னொரு கதை வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரத்தில் நடந்தது. அங்கே முக, தாடை சர்ஜனாக இருந்தவர் ஜொனாதன் ஷெப்பர்டு. வார இறுதி இரவுகளில் அவரிடம் வந்தவர்களில் பலர், உடைந்த தாடையோடும் கண்ணாடிக் குவளையால் கிழிந்த முகத்தோடும் வந்தவர்கள். இந்தத் தாக்குதல்களில் பெரும்பகுதி போலீஸ் கணக்கிலேயே இல்லை என்பதை அவர் கவனித்தார். அடிபட்டவர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார், ஸ்டேஷனுக்குப் போவதில்லை.

பிரச்சினை எவ்வளவு பெரியது என்று துறை முழுக்கத் தெரிந்துகொள்ள, 1997 செப்டம்பரில் முக, தாடை சர்ஜன்கள் சங்கம் ஒரு வாரம் நாடு தழுவிய கணக்கெடுப்பு நடத்தியது. அவசர சிகிச்சைப் பிரிவுகளில் அந்த ஒரே வாரத்தில் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முகக் காயங்கள் பதிவாயின. அடிதடியில் வந்த காயங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் மதுவுக்குப் பங்கு இருந்தது.

கார்டிஃபில் ஷெப்பர்டு செய்த ஏற்பாடு ரொம்ப எளிமையானது. அவசர சிகிச்சைப் பிரிவின் வரவேற்பில் இருப்பவர், அடிபட்டு வருபவரிடம் சில கேள்விகள் கூடுதலாகக் கேட்பார். எந்த இடத்தில் நடந்தது, எப்போது, எந்த ஆயுதம்? பெயரை நீக்கிவிட்டு இந்தத் தகவல் போலீஸுக்கும் நகராட்சிக்கும் போகும். எந்தத் தெருவில், எந்த பார் வாசலில், எத்தனை மணிக்கு அடிதடி என்று தெரிந்ததும், ரோந்து மாறியது. பார்களிடம் பேச்சுவார்த்தை நடந்தது.

பலன் கிடைத்ததா? 2011ல் பிஎம்ஜே இதழில் வந்த ஆய்வு, கார்டிஃபை அதே மாதிரியான 14 நகரங்களோடு ஒப்பிட்டது. வன்முறைக் காயங்களுக்காக ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனவர்கள், ஒரு லட்சம் பேருக்கு மாதம் 7ல் இருந்து 5 ஆகக் குறைந்திருந்தார்கள். ஒப்பீட்டு நகரங்களில் அது 5ல் இருந்து 8 ஆகக் கூடியிருந்தது. 'கார்டிஃப் மாடல்' என்று இன்று பல நாடுகளில் அறியப்படுவது இதுதான். குற்றவியலுக்கான ஸ்டாக்ஹோம் பரிசு 2008ல் இந்த சர்ஜனுக்குக் கிடைத்தது.

இதே ஷெப்பர்டு குழுவுக்கு வேறொரு பாடமும் கிடைத்தது. சாதாரணக் கண்ணாடிக் குவளைகளுக்குப் பதிலாக, உறுதியாக்கப்பட்ட கண்ணாடிக் குவளைகளைப் பயன்படுத்தினால் காயம் குறையும் என்று பலரும் நம்பினார்கள். பார்களில் வேலை செய்யும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை வைத்து அதைச் சோதித்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக, அந்தப் புதுக் குவளைகளைப் பயன்படுத்திய இடங்களில்தான் காயம் கூடியிருந்தது. அந்தக் குவளைகள் அடி தாங்கும் திறனில் குறைவாக இருந்தன. கேட்க எவ்வளவு சரியாகத் தோன்றினாலும், அளந்து பார்க்காமல் எதையும் நம்ப முடியாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அப்படியானால் கியூ.ஓ.எம்.எஸ். எதற்கு?

மேலே சொன்னவை எல்லாம் துறையின் தனித்தனி மூலைகளில் நடந்தவை. முழுத் துறைக்கும் ஒரே கணக்கு இல்லை. தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு இங்கிலாந்தில் தேசிய ஆடிட் ஒன்று பல ஆண்டுகள் நடந்தது. பிறகு ஒரு கட்டத்தில் நின்றுபோனது. ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் இருக்கும் டேட்டா, முக்கியமாக பில்லிங், நிர்வாகத் தேவைகளுக்காக எடுக்கப்படுவது. யாருக்கு என்ன ஆபரேஷன், எத்தனை நாள் அட்மிஷன் என்பது அதில் இருக்கும். வெட்டிய கட்டியின் ஓரத்தில் புற்று செல் மிச்சம் இருந்ததா என்பதோ, நோயாளியால் இப்போது வாயைத் திறக்க முடிகிறதா என்பதோ அதில் இருக்காது.

2018 நவம்பரில் இங்கிலாந்தின் 'கெட்டிங் இட் ரைட் ஃபர்ஸ்ட் டைம்' திட்டமும் இந்தத் துறைக்கென ஒரு தேசிய அறிக்கை வெளியிட்டது. எலும்பு சர்ஜன் டிம் பிரிக்ஸ் தன் துறையில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் அடிப்படை ஒன்றுதான்: ஒரே நோய்க்கு ஊருக்கு ஊர் சிகிச்சை ஏன் மாறுகிறது என்று கேட்பது. முக, தாடைத் துறைக்கான அறிக்கையை எழுதியவர் சர்ஜன் மோய்ரா மார்ட்டன்.

கியூ.ஓ.எம்.எஸ். இந்த இடைவெளியைத்தான் அடைக்கப் பார்க்கிறது. சங்கத்தோடு 'சேவிங் ஃபேசஸ்' என்ற அறக்கட்டளையும் இதில் கைகோத்திருக்கிறது. முக, தாடை சர்ஜன் இயன் ஹட்சிசன் தொடங்கிய அறக்கட்டளை அது. தன் நோயாளிகளின் முகங்களை ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் ஓவியர் மார்க் கில்பர்ட்டை வரைய வைத்து, 2002ல் லண்டனின் தேசிய உருவப்பட அரங்கில் மக்கள் முன் வைத்தவர் அவர்.

துறையை 5 பிரிவுகளாகப் பிரித்துக்கொண்டார்கள். புற்றுநோய் மற்றும் மறுசீரமைப்பு, மெலனோமா அல்லாத தோல் புற்றுநோய், தாடை வளர்ச்சிக் குறைபாட்டுக்கான ஆபரேஷன், முகக் காயங்கள், வாய் மற்றும் பல் சார்ந்த சிறு ஆபரேஷன்கள். ஒவ்வொன்றுக்கும் எதை அளப்பது என்று முடிவு செய்பவர்கள், அந்த ஆபரேஷனைத் தினமும் செய்யும் சர்ஜன்களே.

எதையெல்லாம் அளக்கிறார்கள்?

புற்றுநோயை எடுத்துக்கொண்டால், தரத்தைக் காட்டும் அளவுகோல்கள் என்று இந்தத் துறையில் பொதுவாகப் பேசப்படுபவை இவை:

* வெட்டி எடுத்த கட்டியைச் சுற்றி நல்ல திசு போதிய அளவு இருந்ததா? ஓரத்தில் புற்று செல் தெரிந்தால், உள்ளே மிச்சம் இருக்க வாய்ப்பு உண்டு.

* கழுத்தில் இருந்து எடுத்த நிணநீர்க் கணுக்கள் எத்தனை? 18 அல்லது அதற்கு மேல் என்பது பரவலாகச் சொல்லப்படும் எண். குறைந்தால், முழுமையாக எடுக்கவில்லையோ என்ற சந்தேகம் வரும்.

* மாற்றி வைத்த எலும்போ தசையோ உயிரோடு இருக்கிறதா? ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் அது கருத்துச் செத்துவிடும்.

* எதிர்பாராமல் நோயாளியைத் திரும்ப தியேட்டருக்கு எடுத்துப்போக வேண்டி வந்ததா? வீட்டுக்குப் போனவர் மறுபடி அட்மிட் ஆனாரா?

* ரேடியேஷன் தேவைப்பட்டவருக்கு, ஆபரேஷன் முடிந்து 6 வாரத்துக்குள் அது தொடங்கியதா?

கடைசி அளவுகோலைக் கொஞ்சம் கவனியுங்கள். 6 வாரம் தாண்டிவிட்டால் அதற்கு சர்ஜனின் கை மட்டும் காரணமாக இருக்காது. காயம் ஆறத் தாமதமாகியிருக்கலாம். பயாப்சி ரிப்போர்ட் லேட்டாக வந்திருக்கலாம். ரேடியேஷன் மெஷினுக்கு வரிசை நீண்டிருக்கலாம். ரேடியேஷனுக்கு முன் எடுக்க வேண்டிய பல்லை எடுக்க டாக்டர் கிடைக்காமல் இருந்திருக்கலாம். அந்த ஒரு எண், ஆஸ்பத்திரியின் மொத்தச் சங்கிலியையும் காட்டிக்கொடுத்துவிடும்.

இதோடு நோயாளியின் வாயாலேயே கேட்பதும் உண்டு. சாப்பிட முடிகிறதா, வலி எப்படி, பேச்சு எப்படி, தோற்றம் பற்றி என்ன நினைக்கிறார்? தாடை சீரமைப்பு ஆபரேஷனில் எக்ஸ்ரே எவ்வளவு அழகாக இருந்தாலும், 'ஏன்டா செஞ்சுக்கிட்டோம்'னு நோயாளி நினைத்தால் அது வெற்றிக் கணக்கில் வராது.

கஷ்டமான கேஸை எடுப்பவர்தான் மாட்டிக்கொள்வாரா?

சர்ஜன்களின் பெரிய பயம் இதுதான். அதில் நியாயமும் இருக்கிறது.

ஒரு ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் பெரும்பாலும் சின்னக் கட்டியோடு வரும் 50 வயதுக்காரர்கள். இன்னொன்றுக்கு வருபவர்கள், முற்றிய புற்றும் இதயநோயும் சர்க்கரையும் உள்ள 75 வயதுக்காரர்கள். இரண்டு இடத்தின் முடிவையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டாவது ஆஸ்பத்திரி மோசம் என்றுதான் தோன்றும். உண்மையில் அங்கேதான் திறமையான டீம் இருக்கலாம். இந்தக் கணக்கு அப்படியே வெளியானால் என்ன ஆகும்? 'ரிஸ்க்கான கேஸா, வேற இடம் பாருங்க' என்று சொல்லும் மனநிலை வந்துவிடும். கடைசியில் நஷ்டம், யாரும் எடுக்காத அந்த நோயாளிக்கு.

அதனால், நோயாளியின் வயது, மற்ற நோய்கள், புற்றின் நிலை, ஆபரேஷனின் சிக்கல் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்து, 'இப்படிப்பட்டவருக்குப் பொதுவாக எவ்வளவு சிக்கல் வரும்' என்று முதலில் மதிப்பிடுகிறார்கள். நடந்தது அந்த எதிர்பார்ப்பைவிடக் கூடவா, குறையவா என்பதுதான் ஒப்பீடு. தலை, கழுத்துப் புற்றுநோய் ஆபரேஷனுக்கு இந்தச் சூத்திரத்தை உருவாக்குவதே இத்துறையில் தனி ஆராய்ச்சியாக நடக்கிறது.

இன்னொரு சிக்கல், எண்ணிக்கை. ஒரு யூனிட் ஆண்டுக்கு 20 பேருக்கு இந்தத் தாடை மாற்று ஆபரேஷன் செய்கிறது என்று வையுங்கள். ஒருவருக்குத் தோற்றால் 5 சதவீதம். இருவருக்குத் தோற்றால் 10 சதவீதம். 'தோல்வி இரட்டிப்பானது' என்று தலைப்பு போடலாம். நிஜத்தில் வித்தியாசம் ஒரே ஒரு நோயாளி. அது தற்செயலாகவும் இருக்கலாம். இதற்காகத்தான் இப்படிப்பட்ட ஆடிட்டுகளில் முதல் ரேங்க், கடைசி ரேங்க் என்று பட்டியல் போடாமல், புனல் வடிவ வரைபடம் போடுகிறார்கள். சின்ன யூனிட்டுகளுக்குக் கோடு அகலமாக இருக்கும், பெரிய யூனிட்டுகளுக்குக் குறுகலாக இருக்கும். கோட்டுக்கு வெளியே ஒரு ஆஸ்பத்திரி போனால் மட்டுமே, 'என்ன விஷயம்னு பார்க்கலாம்' என்று உட்கார்ந்து பேசுகிறார்கள். வெளியே போவது என்பது தீர்ப்பு அல்ல. முதலில் டேட்டா சரியா என்று பார்ப்பார்கள், பிறகுதான் மற்றது.

இவ்வளவையும் டைப் அடிப்பது யார்?

சர்ஜன்களிடம் கேட்டால் முதலில் சொல்லும் பிரச்சினை இதுவாகத்தான் இருக்கும். ஏற்கெனவே வெயிட்டிங் லிஸ்ட் நீண்டு கிடக்கும் ஆஸ்பத்திரியில், ஒவ்வொரு நோயாளிக்கும் படிவம் நிரப்ப ஆளும் நேரமும் வேண்டும். சட்டப்படி கட்டாயமில்லாத திட்டத்தில் எல்லா ஆஸ்பத்திரியும் சேராது. சேர்ந்ததும் எல்லா கேஸையும் பதிவு செய்யாது. நன்றாக வந்த கேஸ்கள் மட்டும் ஏறி, சொதப்பியவை விடுபட்டால் மொத்தக் கணக்கும் வீண். அதனால்தான், 'ரிசல்ட் என்ன' என்பதற்கு முன்பே, 'எத்தனை சதவீதம் கேஸ் பதிவாகியிருக்கிறது' என்பது முக்கியமான எண்.

இங்கே கைகொடுப்பவர்கள் பயிற்சி டாக்டர்கள். பிரிட்டன் முழுக்க உள்ள முக, தாடைப் பயிற்சி டாக்டர்கள் தங்களுக்குள் ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கிறார்கள். தாடை எலும்பு முறிவு போன்ற விஷயங்களில், ஒரே காலகட்டத்தில் பல ஊர்களில் டேட்டா எடுத்து ஒன்றாகச் சேர்ப்பது அவர்கள் வழி. ஒரு ஆஸ்பத்திரியில் மாதம் நாலைந்து கேஸ் என்றாலும், பல ஊர்களைச் சேர்த்தால் நூற்றுக்கணக்கில் வந்துவிடும்.

அப்போ நோயாளியின் பிரைவசி? இங்கிலாந்திலும் வேல்ஸிலும், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒப்புதல் வாங்குவது நடைமுறையில் முடியாத நிலையில், நோயாளியின் விவரங்களைப் பயன்படுத்த 2006 என்.ஹெச்.எஸ். சட்டத்தின் 251வது பிரிவு வழி தருகிறது. அதற்குத் தனி ஆலோசனைக் குழு விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும். 'என் டேட்டாவைச் சிகிச்சைக்குத் தவிர வேறு எதற்கும் எடுக்காதீர்கள்' என்று சொல்லும் வசதியும் 2018 முதல் இங்கிலாந்தில் நோயாளிகளுக்கு உண்டு.

இந்தியாவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

வாய்ப் புற்றுநோய் என்றாலே இந்தியாவைத் தவிர்த்துப் பேச முடியாது. புகையிலை, பாக்கு, குட்கா காரணமாக உலகிலேயே அதிக வாய்ப் புற்றுநோயாளிகள் உள்ள நாடுகளில் ஒன்று இது. பெரிய எண்ணிக்கையில் கணக்கு எடுத்தால் என்ன நடக்கும் என்பதை உலகத்துக்குக் காட்டியதும் இந்திய சர்ஜன்கள்தான்.

ஆரம்பநிலை வாய்ப் புற்றுநோயில், கழுத்தில் கட்டி எதுவும் தெரியாதபோதும் முன்கூட்டியே கழுத்துக் கணுக்களை எடுக்க வேண்டுமா, இல்லை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா? பல பத்தாண்டுகளாக சர்ஜன்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதம் செய்த கேள்வி. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் அனில் டிக்ரூஸ் தலைமையிலான குழு, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் சோதித்தது. 500 பேரின் முடிவுகள் 2015ல் வெளியாயின. முன்கூட்டியே எடுத்தவர்களில் 3 ஆண்டு உயிர்வாழ்ந்தவர்கள் 80 சதவீதம், காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். அதாவது 8 பேருக்கு முன்கூட்டியே செய்தால் ஓர் உயிர் மிச்சம். 'சேவிங் ஃபேசஸ்' அறக்கட்டளை முன்னின்று பிரிட்டனில் நடத்திய ஆய்வும் 2019ல் அதே பக்கம்தான் வந்து நின்றது.

ஆராய்ச்சி சொன்ன அந்த நல்ல சிகிச்சை, ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு நோயாளிக்கும் உண்மையில் கிடைக்கிறதா? அதை ஆராய்ச்சியால் சொல்ல முடியாது. தொடர்ந்து எடுக்கும் கணக்குதான் சொல்லும்.

ஆபரேஷனுக்கு முன் நீங்கள் என்ன கேட்கலாம்?

எந்த நாட்டில் இருந்தாலும், தாடையிலோ முகத்திலோ பெரிய ஆபரேஷன் என்றால் டாக்டரிடம் தயங்காமல் கேட்கக்கூடிய கேள்விகள் இவை:

1. இந்த ஆபரேஷனை இந்த டீம் ஆண்டுக்கு எத்தனை முறை செய்கிறது?

2. இங்கே செய்துகொண்டவர்களில் எத்தனை பேருக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது? அதை எழுதி வைத்திருக்கிறீர்களா?

3. என் வயதுக்கும் எனக்கு இருக்கும் மற்ற நோய்களுக்கும் ரிஸ்க் எவ்வளவு கூடும்?

4. ரேடியேஷன் தேவைப்பட்டால் எத்தனை வாரத்துக்குள் தொடங்கும்? அதற்கு யாரைப் பார்க்க வேண்டும்?

5. பேசவும் சாப்பிடவும் பயிற்சி தர இங்கே ஆள் இருக்கிறார்களா?

கேட்டால் டாக்டர் கோபப்படுவாரோ என்று நினைக்க வேண்டாம். கணக்கு வைத்திருக்கும் டாக்டருக்கு இந்தக் கேள்விகள் சங்கடம் தராது. 'எங்களிடம் அந்த எண் இல்லை, ஆனால் இனி எழுதி வைக்கிறோம்' என்று ஒருவர் நேர்மையாகச் சொன்னாலும் அதுவும் நல்ல பதில்தான். 100 ஆண்டுகளுக்கு முன்பு பாஸ்டனில் ஒருவர் அட்டை போட்டு எழுதத் தொடங்கியதும் அப்படித்தான்.